இறங்கும்போதுதான் வலி

நல்லரெத்தினம் டொக்டர் மக்கீனின் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடி வைத்தார். ஒன்றைச் சொல்வதென்றால் சட்டென்று சொல்லிவிட வேண்டாமா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பக்கத்தில் என் தம்பி பெண்சாதி சரீபா, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் வாயைத் திறக்க முன்னமே கண்ணைக் கசக்கத் தொடங்கிவிட்டாள்.

"எப்ப பயணம்?" என்று கேட்டார் டொக்டர்.

"வாற வியாழன்," என்றேன்.

"ரெண்டு கிழம பிந்திப் போகேலாதா?"

"ஏலா டொக்டர். விசா முடிஞ்சிரும். கட்டார்ல ஆம்புளையள் ரெண்டு பேரும் வீடெடுத்து வெச்சிக்கிட்டுப் பாத்துக்கிட்டு நிக்காங்க."

அவர் மக்கீனின் தலையைத் தடவினார். ஒன்பது மாதப் பிள்ளை. பிறந்து கொஞ்ச நாளிலேயே இடக்காதில் சீழ் வடிந்து, அந்தப் பக்கம் கேள்வி குறைந்துபோனது. முதுகுக்குப் பின்னால் நின்று இடப்பக்கம் கைதட்டினால் திரும்பமாட்டான். வலப்பக்கம் தட்டினால் உடனே திரும்பிச் சிரிப்பான்.

"இவனுக்கு இப்ப இருக்கிறது இந்த வலக்காது மட்டுந்தான்," என்றார். "தடிமன் பிடிச்சு, சளி இதுக்கும் இறங்கி, உள்ள இருக்கிற சவ்வு வீங்கிச் சிவந்து போய்க் கிடக்கு. பிளேன் ஏறக்குள்ள பெரிசா ஒண்டும் செய்யாது. இறங்கக்குள்ளதான் வலிக்கும். இறங்க இறங்க வெளிக்காத்து சவ்வ உள்ளுக்கு அமத்தும். மூக்குக்குப் பின்னாலயிருந்து காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகுது. நாம விழுங்கினா அது திறந்து காத்து உள்ளுக்குப் போகும், சவ்வு பழையபடி நிக்கும். விழுங்காட்டி..."

"வெடிச்சிருமா?" என்று கேட்டாள் சரீபா.

"சொல்லேலாது. நல்ல காதெண்டா வெடிச்சாலும் தானா ஆறும். இவன்ட காதுல நான் பந்தயம் கட்டமாட்டன். இந்த வயசில காது போனா, புள்ளைக்குப் பேச்சும் வராது, தெரியுந்தானே."

"நீங்க வெருட்டினது காணும் டொக்டர்," என்றேன். "என்ன செய்யணும் எண்டு சொல்லுங்க."

அவருக்கு என் வாய் பழக்கம். சிரித்துக்கொண்டே ஒரு சின்னப் போத்தலை எடுத்துத் தந்தார். இறங்குவதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னம் மூக்கில் விட வேண்டிய உப்புத்தண்ணிச் சொட்டு. அதற்குப் பிறகு, பிளேன் நிலத்தில் முட்டுமட்டும் பிள்ளை எதையாவது குடித்து விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரம் நித்திரை கொள்ள விடக்கூடாது. தலையை நிமிர்த்தி வைத்துக் கொடுக்க வேண்டும்.

"தாய்ப்பால் எண்டா திறம்," என்றார். "வலியிலயும் புள்ள நெஞ்ச விடாது."

"எனக்குப் பால் இல்ல டொக்டர்," என்றாள் சரீபா, குனிந்துகொண்டு.

டொக்டர் என் மடியில் கிடந்த ஆறு மாதப் பிள்ளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் முந்தானையை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டு எழும்பிவிட்டேன்.

ஏன் எழும்பினேன் என்று சொல்ல வேண்டும். என் மகள் ஜெசீமா எனக்குக் கலியாணமாகி எட்டு வருஷத்துக்குப் பிறகு பிறந்தவள். வலது பாதம் உள்ளுக்கு மடங்கிப் பிறந்தாள். மாக்கட்டுப் போட்டார்கள், கழற்றினார்கள், மறுபடியும் போட்டார்கள். பாதம் தன்பாட்டில் திரும்பி உள்ளுக்கே போய்ப் படுத்துக்கொண்டது. எங்கள் கல்முனைக்குடி, பெட்டைப் பிள்ளை பிறந்த அன்றைக்கே அதற்கு வீடு கட்டக் கல் அடுக்குகிற ஊர். வீடும் வளவும் வயலும் கொடுத்தாலும் மாப்பிள்ளை வீட்டார் ஆயிரம் நொட்டை சொல்வார்கள். பிள்ளை பார்க்க வந்த பெண்கள் முகத்தைப் பார்க்கவில்லை, போர்வையை நீக்கிக் காலைத்தான் பார்த்தார்கள். "ரெண்டு வீடு குடுத்தாலும் இதுக்கு ஆருகா வருவான்?" என்று ஒருத்தி குசினிக்குள் அடுப்படியில் நின்று கேட்டது எனக்குக் கேட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அந்த நேரம் என் தம்பி ஜவுபர் லீவில் வந்து நின்றான். அவன் மகன் மக்கீனுக்கு அப்போது மூன்று மாதம். நான் மூன்று நாளாகச் சோறு தின்னாமல் கிடந்தேன். ஜவுபர் வந்து என் கட்டிலில் இருந்து ஜெசீமாவைத் தூக்கினான்.

"ராத்தா, அழாதீங்க. இவள் என்ட மகனுக்குத்தான். வல்லாஹி, நான் உசிரோட இரிக்குமட்டும் இந்தப் பேச்சு மாறாது," என்றான்.

வீடு நிறையச் சனம் இருக்கக்குள்ள சத்தியம் பண்ணினான். குசினியில் நின்றவளும் கேட்டாள். நான் அன்றைக்குத்தான் ஒரு வாய்ச் சோறு தின்றேன். தம்பியை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவன் என்னைக் கைவிடமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் சரீபாவுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. ஆசுபத்திரியில் போட்டார்கள். பிள்ளை பசியில் வீறிட்டான். எனக்கோ பால் கட்டி நெஞ்சு வலித்தது. நான் அவனைத் தூக்கி மடியில் போட்டதுதான் தாமதம், எங்கள் உம்மா ஓடிவந்து பிள்ளையைப் பறித்தா.

"உனக்கென்னடி, புத்தி பேதலிச்சிரிச்சா? ஒரு சொட்டு உள்ளுக்குப் போனாலும் அவன் உனக்குப் புள்ள. ஜெசீமாவுக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி. மறுகா கலியாணம் ஹறாம்!"

அது எங்களில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். ஒரு தாயின் பால் குடித்த பிள்ளைகள் கட்ட முடியாது. அதற்குப் பிறகு மக்கீன் போத்தலில் கரைத்த மாப்பாலில்தான் வளர்ந்தான். சரீபா காய்ச்சல் மாறி வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பால் வற்றிப் போயிருந்தது.

இந்தச் சம்பந்தத்தைப் பற்றி சரீபா ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் அப்படித்தான். கறியில் உப்புக் கூடினாலும் சொல்லமாட்டாள், குறைந்தாலும் சொல்லமாட்டாள். என்னைப் போல படபடவென்று கதைக்கிறவர்களை நம்பலாம், வாய் திறக்காதவர்களின் மனதில் என்ன கிடக்கிறதென்று யார் கண்டது? ஒரே மகன், பெரிய கண், சிவந்த நிறம். அவனுக்குக் கோணக்காலியைக் கட்டி வைக்க எந்தத் தாய் விரும்புவாள்? அந்த எண்ணம் என் மனதில் முள் மாதிரி இருந்துகொண்டே இருந்தது.

வியாழக்கிழமை பகல் கட்டுநாயக்காவில் பிளேன் ஏறினோம். எங்களுக்கு மூன்று சீட் வரிசையில் இடம். ஜன்னலோரம் நானும் ஜெசீமாவும். நடுவில் சரீபாவும் மக்கீனும். மற்றச் சீட்டில் ஆள் இல்லை, பையை வைத்துக்கொண்டோம். நடைபாதைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர் ஹமீட் மௌலவி இருந்தார். இளம் பொடியன், தாடி கூட இன்னும் சரியாக நிறையவில்லை, கட்டாரில் ஒரு பள்ளிவாசலுக்கு வேலைக்குப் போகிறார். இரண்டு பெண்கள் ஆம்பிளைத் துணையில்லாமல் போவதாவது என்று எங்கள் வாப்பா குதித்ததில், "ஒரு கண் வெச்சிக்கங்க மௌலவி" என்று அவரிடம் எங்களைப் பாரம் கொடுத்திருந்தார்கள். பாவம் அந்த மனுசன், எங்கள் பக்கம் திரும்பவே வெட்கப்பட்டார்.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. பிளேன்காரப் பெட்டை தட்டில் டொபி கொண்டுவந்து நீட்டினாள். நான் இரண்டை எடுத்து வாயில் போட்டுச் சப்பினேன். காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் பட்டென்று திறக்கும். டொக்டர் சொன்ன குழாய் இதுதான் போல என்று நினைத்துக்கொண்டேன். மக்கீன் ஒரு போத்தல் பாலைச் சப்பிக் குடித்துவிட்டுச் சிரித்தான். ஜெசீமா என் நெஞ்சிலேயே கிடந்து நித்திரையானாள்.

"பாத்தியா? டொக்டர்மார் வெருட்டித்தான் பிழைக்காங்க," என்றேன் சரீபாவிடம்.

அவள் சிரிக்கவில்லை. இறங்குவதற்கென்று கரைத்து வைத்த மற்றப் போத்தலைத் துவாயில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மூக்குச் சொட்டுப் போத்தல் அவள் கைக்குள்ளேயே இருந்தது. ஜன்னலால் எட்டி எட்டிப் பார்த்தாள். கீழே கடலைத் தவிர வேறு என்ன தெரியும்?

இப்படியே வெகுநேரம் போனது. திடீரென்று பிளேன் குலுங்கியது. தலைக்கு மேலே பெல்ட் போடச் சொல்லும் வெளிச்சம் பற்றியது. ஒலிபெருக்கியில் ஒருவன் இங்கிலீசில் என்னவோ சொன்னான். பிளேன் ஒரு தடவை தொப்பென்று கீழே விழுந்து நின்ற மாதிரி இருந்தது.

"இறங்குது மச்சி! இறங்குது!" என்றாள் சரீபா. "தலையப் பிடிங்க, சொட்டு விடணும், கெதியா!"

நானும் இறங்குகிறது என்றுதான் நினைத்தேன். நான் பிள்ளையின் தலையைப் பிடித்தேன், அவள் சொட்டை விட்டாள். பிறகு போத்தலை வாயில் வைத்தாள். மக்கீன் மளமளவென்று குடித்தான். போத்தல் முடிந்தது. வயிறு நிறைந்து, அவளுடைய தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டான். குலுக்கம் நின்றது. பெல்ட் வெளிச்சம் அணைந்தது.

சரீபா பிளேன்காரப் பெட்டையைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அவள் தமிழ்ப் பிள்ளைதான், கொழும்புப் பக்கம் போல.

"எப்ப தங்கச்சி தரையில முட்டும்?"

"இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருக்கு அக்கா. இது மேகத்துக்குள்ள போனதால வந்த ஆட்டம்."

அல்லாஹ்வே! மிச்சப் பால்மா எங்கே? பெரிய பெட்டிக்குள். பெட்டி எங்கே? பிளேனின் வயிற்றுக்குள்.

"இருந்த ஒரு போத்தலையும் முழுக்கக் குடுத்துட்டியேடி!" என்று சீறினேன். "கேட்டுட்டுக் குடுக்கக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீங்களுந்தானே மச்சி..." என்று தொடங்கி, மிச்சத்தை அவள் விழுங்கிக்கொண்டாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் பயம் வந்தால் எனக்கு நியாயம் தெரியாது.

பிளேன்காரப் பெட்டை நல்லவள். வெந்நீரும், தேத்தண்ணிக்கு ஊற்றுகிற பாலில் கொஞ்சமும், ஒரு கரண்டியும் கொண்டுவந்து தந்தாள். நாங்கள் அதைப் போத்தலில் கரைத்து வைத்துக்கொண்டு இருந்தோம். இருந்தோம் என்றால், அது இருப்பா? நான் ஜன்னலைப் பார்ப்பேன், பிள்ளையைப் பார்ப்பேன், மறுபடியும் ஜன்னலைப் பார்ப்பேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சூறாவையும் ஓதினேன். பாதியில் மறந்து மறுபடியும் முதலில் இருந்து தொடங்கினேன்.

பிளேன் உண்மையாகவே இறங்கத் தொடங்கியபோது ஒரு குலுக்கமும் இல்லை. யாரோ என் காதுக்குள் பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். நான் எச்சில் விழுங்கினேன். திறந்தது. மறுபடியும் அடைத்தது.

"எழுப்பு! எழுப்பு!" என்றேன்.

எழுப்பத் தேவைப்படவில்லை. மக்கீன் கண்ணைத் திறந்தான், வாயைத் திறந்தான், ஒரு சத்தம் போட்டான். நான் பிள்ளை அழுகிறதைக் கேட்காதவளா? அது பசி அழுகையில்லை, நித்திரை அழுகையில்லை. மூச்சு உள்ளே போய், வெளியே வராமல் நின்று, முகம் கறுத்து, பிறகு கிழித்துக்கொண்டு வந்தது. வலக்கையால் வலக்காதைப் பிய்த்தான். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சரீபா சொட்டை விட்டாள். சளி வழிந்தது, துடைத்தாள். போத்தலை வாயில் வைத்தாள். அவன் ரப்பரைக் கடித்துத் துப்பினான். கரண்டியால் கொடுத்தாள். புரையேறி இருமி எல்லாவற்றையும் என் சீலையில் கொட்டினான். டொபியை நனைத்து உதட்டில் தடவினோம். தலையைத் திருப்பிக்கொண்டான். காதைப் பிய்த்துக்கொண்டே இருந்தான்.

"குடி வாப்பா... குடி ராசா... என்ட உசிரே, ஒரு முடறு குடி..." சரீபா அவன் தலையை மறுபடியும் நிமிர்த்தப் பார்த்தாள். போத்தல் நழுவி விழுந்து சீட்டுகளுக்குக் கீழே உருண்டு போனது.

அப்போதுதான் எனக்கு நெஞ்சு குறுகுறுத்தது. பால் சுரந்த தாய்க்குத் தெரியும், எந்தப் பிள்ளை அழுதாலும் உடம்பு கேட்கும். சட்டை நனைந்தது. முந்தானையும் நனைந்தது. ஜெசீமா என் மடியில் அடித்துப்போட்ட மாதிரி நித்திரை. மக்கீனின் மூக்குக்குப் பால் மணம் போயிருக்க வேண்டும். அவன் அழுகைக்கு நடுவில் என் பக்கம் திரும்பி, வாயைத் திறந்துகொண்டு, தாயின் கையிலிருந்து என் மேல் சாய்ந்தான்.

சரீபா அதைப் பார்த்தாள். என் நனைந்த நெஞ்சையும் பார்த்தாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் என் மனதில் வந்தது இரக்கமில்லை, சந்தேகம். இவள் வேண்டுமென்றே செய்தாளா? போத்தலை முன்னமே கொடுத்தது, இப்போது கைநழுவ விட்டது, எல்லாம் இதற்குத்தானா? நான் என் கையாலேயே என் மகளின் வாழ்க்கையை அறுத்துவிட வேண்டும், இவள் ஒரு சொல்லும் சொல்லாமல் தப்பிவிட வேண்டும், அப்படித்தானா? இப்போது கேட்பாள், "மச்சி, குடுங்க" என்று இதோ கேட்கப் போகிறாள் என்று அவள் வாயையே பார்த்தேன்.

அவள் மக்கீனை இழுத்துத் தன் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"வேணாம் மச்சி," என்றாள். "நீங்க குடுக்காதீங்க."

"என்னடி?"

"குடுத்தா ஜெசீமாவுக்கு ஆரு இரிக்கா? நான் அவள என்ட மருமகளாத்தான் தூக்கிறன், தெரியுமா உங்களுக்கு? ஆசுபத்திரியில கிடக்கக்குள்ள கூட, உசிர் பிழைச்சா அவளுக்கு நடக்கச் சொல்லிக் குடுக்கணும் எண்டு நேர்ந்திக்கிட்டன்." அவள் அழுதுகொண்டே பிள்ளையின் காதைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். "இவன்ட காத அல்லா பாத்துக்குவான். நீங்க குடுக்காதீங்க."

மக்கீன் மறுபடியும் அந்தச் சத்தம் போட்டான். இந்தத் தடவை பாதியில் சத்தம் அடங்கி வாய் மட்டும் திறந்து நின்றது. அவன் கண் மேலே சொருகியது.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். ஜெசீமாவைத் தூக்கிச் சரீபாவின் மடியில் போட்டேன். மக்கீனைப் பறித்தெடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையை முக்காட்டோடு சேர்த்து இழுத்து மூடி, அவன் தலையை நிமிர்த்தி நெஞ்சில் வைத்தேன்.

"மச்சி!" என்றாள் சரீபா.

"வாயப் பொத்து," என்றேன்.

முதலில் அவன் விட்டுவிட்டு அழுதான். பிறகு பிடித்தான். கடித்தான், பல் இரண்டு முளைத்திருந்தது, எனக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. பிறகு இழுத்தான். விழுங்குகிற சத்தம் கேட்டது. மறுபடியும் ஒன்று. காதைப் பிடித்திருந்த கை மெல்ல மெல்லத் தளர்ந்து என் சட்டைப் பொத்தானைப் பிடித்தது. வெளியே மணல்தரை பெரிதாகிக்கொண்டு வந்தது. பிளேன் தரையில் முட்டி அதிரும்போதும் அவன் வாயை எடுக்கவில்லை.

நான் விக்கி விக்கி அழுதேன். என் மகளுக்கு இருந்த ஒரே வாசலை நானே சாத்திவிட்டேன். குசினியில் நின்றவளின் பேச்சு எனக்குத் திரும்பவும் கேட்டது. சரீபா ஜெசீமாவை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

பிளேன் ஓடி நின்றபோது நடைபாதைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து இருமல் சத்தம் வந்தது. ஹமீட் மௌலவி. எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தப் பக்க ஜன்னலைப் பார்த்தே கதைத்தார்.

"ராத்தா, கோவிக்காதீங்க. நீங்க கதைச்சது காதில விழுந்திரிச்சு. ஒருக்காக் குடுத்ததால ஒண்டும் ஆகல்ல."

"என்ன மௌலவி சொல்றீங்க?"

"நாம பின்பற்றுற ஷாஃபிஈ மத்ஹபுச் சட்டத்தில அஞ்சு தரம் குடுக்கணும். வெவ்வேற நேரத்தில, புள்ள தானா விடுமட்டும் அஞ்சு தரம். அதுக்குப் பிறகுதான் பால்குடிப் புள்ள. ஒரு சொட்டுக் கதை எல்லாம் ஊர்ல சும்மா கதைக்கிறது."

"வல்லாஹி?"

"நான் ஏழு வருஷம் இதைத்தான் ராத்தா ஓதினன்," என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

நான் சிரித்தேன். அழுகையும் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. சரீபா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். இத்தனை மாதமாக இந்தப் பெண்ணை நான் சந்தேகப்பட்டேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. "மாமியும் மருமகளும் எழும்புங்க, இறங்குவம்," என்று சொல்லிக்கொண்டே ஜெசீமாவை அவளிடமே விட்டுவிட்டு மக்கீனோடு இறங்கினேன்.

வெளியே வந்தபோது ஜவுபரும் என் புருஷன் அப்துல் ஸமடும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அவர் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வண்டிப் பக்கம் போனார். ஜவுபர் ஓடிவந்து என் கையிலிருந்து மகனை வாங்கிக்கொண்டான். வலப்பக்கமாக வாயை வைத்து, "மக்கீன்!" என்று கூப்பிட்டான். பிள்ளை உடனே திரும்பி அவன் மூக்கைப் பிடித்தான். நான் அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"மச்சிதான் இவன்ட காதக் காப்பாத்தினா," என்றாள் சரீபா. "போத்தல் குடிக்கல்ல, வலியில துடிச்சான். மச்சி பால் குடுத்தா."

ஜவுபர் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "பால் குடுத்தீங்களா? நீங்களா ராத்தா?"

"ஓம்," என்றேன். மௌலவி சொன்னதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

ஆனால் நான் அவன் தோளைப் பார்த்துவிட்டேன். சின்ன வயதில், இன்றைக்கு ஓத வர வேண்டாம் என்று ஓதிக்கொடுக்கிற லெவ்வை ஆளனுப்பினால் அவன் தோள் எப்படித் தளர்ந்து இறங்கும் என்று எனக்குத் தெரியும். முகத்தைக் கவலை மாதிரி வைத்துக்கொள்வான், தோள் மட்டும் பொய் சொல்லாது. அதே தோள், அதே மாதிரி இறங்கியது.

"என்ன செய்யிற ராத்தா, அல்லாட நாட்டம்," என்றான். "அப்ப... அந்தப் பேச்சு இனிச் சரிவராதுதானே. நீங்க யோசிக்காதீங்க. ஜெசீமாவுக்கு அல்லா வேற வழி வெச்சிரிப்பான்."

எவ்வளவு கெதியாகச் சொல்லிவிட்டான்! ஒரு மூச்சு எடுத்திருக்கக் கூடாதா? ஒருக்கால் மௌலவியிடம் கேட்போம் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கக் கூடாதா?

"இல்லங்க, ஹமீட் மௌலவி சொன்னார்..." என்று தொடங்கினாள் சரீபா. நான் அவள் கையைப் பிடித்து நகம் பதியக் கிள்ளினேன். அவள் நிறுத்திக்கொண்டாள்.

"ஓம் தம்பி," என்றேன். "சரிவராது."

அவன் மகனை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தான். சந்தோஷமாக இருந்தான். அவன் கெட்டவன் இல்லை. சனத்துக்கு முன்னால் ராத்தாவின் அழுகையைப் பொறுக்க முடியாமல் ஒரு சத்தியத்தைச் செய்துவிட்டு, இத்தனை மாதமும் அதைச் சுமந்திருக்கிறான். என் மகளை இவன் கடைசிவரைக்கும் சுமையாகத்தான் தூக்கியிருப்பான். அது தெரிந்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் கன்னத்தில் அறைந்திருப்பேன். அழவும் வந்தது. இரண்டையும் செய்யவில்லை.

வண்டியில் ஆம்பிளைகள் இருவரும் முன்னுக்கு ஏறினார்கள். நாங்கள் பிள்ளைகளோடு பின்னுக்கு இருந்தோம். அவர்கள் வீட்டைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் சத்தமாகக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். வெயில் கண்ணாடியில் கொளுத்தியது. கொஞ்சத் தூரம் போனதும் சரீபாவின் மடியில் மக்கீன் சிணுங்கத் தொடங்கினான். அவள் பையைத் திறந்து பால்மாவைத் தேடினாள்.

"பால்மா வேணாம்," என்றேன். "அவன இஞ்ச தா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டிக்கொண்டே இருந்தேன். தந்தாள். முந்தானையால் மூடி, பிள்ளையை நெஞ்சில் வைத்தேன். அவன் இப்போது அழவில்லை, தன் தாயிடம் வந்த மாதிரி வந்து பிடித்துக்கொண்டான்.

சரீபா என் முழங்கையைப் பிடித்தாள்.

"மச்சி, வேணாம். நான் அவரோட கதைக்கிறன். அஞ்சு நிறஞ்சா மறுகா ஒண்டும் செய்யேலாது."

"நிறையட்டும்," என்றேன். "இது ரெண்டு."